ஆலைக்குள் மீனும் பறவையும் எண்ணுவது எப்படி: காவிரி டெல்டாவுக்கான முழு வழிகாட்டி

திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் எரிவாயு மின் நிலையம், எண்ணெய் சேகரிப்பு நிலையம், சுத்திகரிப்பு ஆலை என்று எந்த வளாகத்தை எடுத்தாலும் உள்ளே ஒரு குளமாவது இருக்கும், ஒரு வடிகாலாவது ஓடும். அதில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன, கூடுகின்றனவா குறைகின்றனவா என்று வருடக்கணக்கில் பார்த்து எழுதும் வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் விலங்கியல் முதுகலை முடித்தவர்கள். இனங்களை நன்றாகவே அடையாளம் காண்கிறார்கள். தடுமாறுவதெல்லாம் எதை முடித்துவிட்டு எதைத் தொடங்குவது, எந்த மாதத்தை எந்த மாதத்தோடு ஒப்பிடுவது என்பதில்தான்.

## 1. முதலில் தண்ணீரின் வழியை வரையுங்கள்

பைனாகுலரை வெளியே எடுக்கும் முன்பு, ஆலையின் வடிகால் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுச்சுவர் முழுக்க ஒரு நடை நடந்துவிடுங்கள். வரைபடம் ஆலை கட்டிய காலத்தது. அதற்குப் பிறகு வெட்டிய கால்வாயும் அடைத்த குழாயும் அதில் இருக்காது. வாய்க்காலிலிருந்து உள்ளே எடுக்கும் தண்ணீர், மழைநீர், குளிர்விப்புத் தண்ணீர், சுத்திகரித்து வெளியேற்றும் கழிவுநீர் ஆகிய நான்கையும் தனித்தனி நிறத்தில் குறியுங்கள். ஒவ்வொன்றும் வெளியே எந்த வாய்க்காலில் போய்ச் சேருகிறது என்று கண்ணால் பார்த்து எழுதுங்கள்.

பாடப்புத்தகம் சொல்வது எளிது: கழிவுநீர் வெளியேறும் இடத்துக்கு மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி. டெல்டாவில் மேல் எது, கீழ் எது என்பதே நிலையானதல்ல. இங்கே நிலம் தட்டை. ஒரு ஊருக்குப் பாசனமாக ஓடும் ஆறு அடுத்த ஊருக்கு வடிகாலாகவும் ஆகிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஆறு நிரம்பி, கடலும் ஏற்றத்தில் இருந்தால் வடிகால் தண்ணீர் பின்னோக்கி எதுக்களிக்கும். கழிவுநீர் விழும் இடத்துக்கு நூறு மீட்டர் மேலே வைத்த ‘சுத்தமான’ இடத்திலும் அப்போது கழிவுநீர்தான் நிற்கும். ஆகவே மேல் பக்க மாதிரி இடத்தை ஒரு மதகுக்கோ படுகை அணைக்கோ அப்பால் வையுங்கள். தண்ணீர் திரும்பி ஏற முடியாத இடம் அதுதான்.

கடைமடைப் பகுதி என்றால் இன்னொன்றும் உண்டு. கடைமடை ஷட்டர்கள் திறந்திருக்கும் நாளில் உப்புநீர் உள்ளே வரும், கூடவே மடவையும் கொடுவாயும் வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். அன்று வலையில் புதிதாக ஒரு மீன் விழுந்தால் ‘இனங்களின் எண்ணிக்கை உயர்ந்தது’ என்று எழுதிவிடாதீர்கள். உப்பளவையும் ஷட்டர் நிலையையும் பக்கத்திலேயே குறித்திருந்தால் அந்த மீன் எப்படி வந்தது என்பது தெரியும்.

## 2. அனுமதிகளை வாங்கிய பிறகே வலை

மூன்று கதவுகளைத் தட்ட வேண்டும். ஆலையின் பாதுகாப்புப் பிரிவு முதலாவது. எரிவாயு கசியக்கூடிய பகுதிகளில் சாதாரணக் கேமராவோ கைபேசியோ எடுத்துப் போக முடியாது. எந்தெந்தப் பகுதி என்று வரைபடத்திலேயே கோடு போட்டு வாங்குங்கள். கழிவுநீர்க் குழிகளில் எந்தக் காரணத்துக்காகவும் இறங்கக் கூடாது. தவளை விழுந்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதற்குக்கூட வாயு அளக்கும் கருவியுள்ள ஆள் கூட வரவேண்டும். தார்ப்பாய் விரித்த குளங்களின் சரிவு வழுக்கும், விழுந்தவர் தானாக ஏறி வர முடியாது. உயிர்காப்பு உடுப்பு போட்டுக்கொண்டுதான் அங்கே வேலை.

இரண்டாவது வனத்துறை. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் புதிய அட்டவணைகள் நடைமுறையில் உள்ளன. மயில், உடும்பு, பால் ஆமை எல்லாம் முதல் அட்டவணை உயிரினங்கள், அதாவது சட்டம் மிக அதிகப் பாதுகாப்பு தருபவை. பார்த்து எண்ணுவது வேறு, கையால் பிடிப்பது வேறு. வலையில் ஆமை சிக்கிவிட்டால் என்ன செய்வது என்பதைக்கூட முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். மூன்றாவது, வெளி வாய்க்காலில் வலை வீசுவதற்கு நீர்வளத் துறையும் அந்த ஊர்க்காரர்களும். ஊருக்குச் சொல்லாமல் வலையோடு வாய்க்கால் கரையில் நின்றால், கணக்கெடுப்பா மீன் திருட்டா என்று விளங்கவைப்பதிலேயே காலைப்பொழுது போய்விடும்.

## 3. தண்ணீர் நாட்காட்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

இந்த வேலையில் நான் பார்த்த தவறான முடிவுகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேட்டூர் அணை திறப்பதற்கான வழக்கமான நாள் ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. நீர் இருப்பைப் பொறுத்துத் திறப்பு முன்னே பின்னே போகும். பிப்ரவரிக்குப் பிறகு வாய்க்கால்கள் வற்றிக்கொண்டே வரும், குட்டைகள் காயும். ஆனால் ஆலையின் குளத்தில் மட்டும் வருடம் முழுக்கத் தண்ணீர். சுற்றுவட்டாரக் கொக்கு, நீர்க்காகம், நத்தைகுத்தி நாரை எல்லாம் சித்திரை வெயிலில் அங்கேதான் வந்து குவியும். மே மாதக் கணக்கைப் பார்த்து ‘ஆலைக்குள் பறவை வளம் பெருகியுள்ளது’ என்று அறிக்கை எழுதியவர்கள் இருக்கிறார்கள். பெருகியது பறவை இல்லை, வெளியே தண்ணீர் இல்லாமல் போயிருக்கிறது. அதே பறவைகள் சம்பா நடவு நடக்கும்போது வயல்களுக்குப் பரவிவிடும், உள்ளே எண்ணிக்கை சரியும். அப்போது பழியை ஆலைமேல் போட்டாலும் அதே தப்புதான்.

மீனுக்கும் இதே கதை. புதுத்தண்ணீர் வந்த முதல் வாரத்தில் கெண்டையும் கெளுத்தியும் குறவையும் எதிரேறி வரும். அந்த வாரம் வீசும் வலையில் விழுவதை வைத்து வருடம் முழுவதையும் சொல்ல முடியாது. வலை வீசும் பெரியவர் ஒருவரிடம் புதிதாக வந்த பையன் ‘நிறைய மீன் இருக்கே’ என்று சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே, ‘இது ஏத்து மீனு தம்பி, இன்னும் பத்து நாள் கழிச்சு வீசிப் பாருங்க’ என்றார்.

எனவே வருடத்தை ஆங்கில மாதக் காலாண்டுகளாகப் பிரிக்காதீர்கள். இப்படிப் பிரியுங்கள்: அணை திறக்கும் முன் வறண்ட காலம், புதுத்தண்ணீர் வந்து மூன்று, நான்கு வாரம் கழிந்த குறுவைக் காலம், வடகிழக்குப் பருவமழைக் காலம், சம்பா அறுவடையை ஒட்டி வாய்க்கால் வடியும் காலம். ஒவ்வொன்றிலும் ஒரு முழுச் சுற்று. சென்ற வருட வறண்ட காலத்தை இந்த வருட வறண்ட காலத்தோடு மட்டுமே ஒப்பிடலாம். தேதி ஒத்துப்போவது முக்கியமில்லை, தண்ணீர் கட்டம் ஒத்துப்போக வேண்டும். முறை வைத்துத் தண்ணீர் விடும் காலமென்றால், அந்த வாரம் முறை யாருக்கு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

## 4. ஒப்பிட வெளியே ஓர் இடம்

ஆலைக்குள் குறைந்தது என்றால், வெளியேயும் குறைந்ததா என்று தெரிய வேண்டும். அதற்கு அதே ஆற்றிலிருந்து தண்ணீர் வாங்கும், ஆலையின் கழிவுநீர் எட்டாத ஒரு குளமும் ஒரு வாய்க்கால் துண்டும் வேண்டும்.

புதியவர்கள் அழகான கோயில் குளத்தையோ பெரிய ஊர்க் குளத்தையோ தேர்ந்தெடுத்துவிடுவார்கள். அது மீன் குத்தகைக்கு விட்ட குளமா என்று முதலில் விசாரியுங்கள். குத்தகைக் குளத்தில் கட்லாவும் ரோகுவும் விட்டு வளர்த்து, கோடையில் தண்ணீரை இறைத்துப் பிடித்துவிடுவார்கள். இயற்கை மீனின் ஏற்றத்தாழ்வு அங்கே தெரியவே தெரியாது. குத்தகை இல்லாத குட்டை பார்க்கச் சுமாராக இருந்தாலும் அதுதான் நமக்கு வேண்டியது.

## 5. இன்டேக் சல்லடை: தினமும் கிடைக்கும் தகவல்

வாய்க்காலிலிருந்து தண்ணீர் உறிஞ்சும் இடத்தில் ஆகாயத்தாமரையும் குப்பையும் போகாமல் இரும்புச் சல்லடை இருக்கும். அதில் ஒட்டுவதைக் காலையில் வாரிக் கரையில் போடுவார்கள். அந்தக் குவியலைக் கிளறிப் பாருங்கள்: விரல் நீளக் கெண்டை, ஆரல், நண்டு, சில நாள் தண்ணீர்ப்பாம்பு. எந்த வலையிலும் விழாத குஞ்சுகள் இதில் கிடைக்கும். ஆலை தன் உறிஞ்சலாலேயே எவ்வளவு மீனைக் கொல்கிறது என்பதற்கும் நேரடிக் கணக்கு இதுதான்.

சல்லடை வாரும் தொழிலாளியிடம் ஒரு வாளியும் அட்டவணையும் கொடுத்து, வாரத்தில் குறிப்பிட்ட ஒரு நாள் 24 மணி நேரக் குவியலைத் தனியே வைக்கச் சொல்லுங்கள். அன்று பம்பு எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைக் கட்டுப்பாட்டு அறைப் பதிவேட்டிலிருந்து எடுங்கள். பம்பு ஆறு மணி நேரம் ஓடிய நாளையும் இருபது மணி நேரம் ஓடிய நாளையும் அப்படியே ஒப்பிட முடியாது. இந்தக் கூடுதல் வேலைக்கு அவருக்குக் காசு கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். சும்மா செய்யச் சொன்னால் இரண்டாம் மாதமே அட்டவணையில் எல்லா நாளும் ஒரே எண் வரும்.

## 6. களநாளின் வரிசை

ஒரே காலையில் எல்லாவற்றையும் செய்யலாம், ஆனால் இந்த வரிசையை மாற்றக் கூடாது.

முதலில் பறவை. விடிந்தவுடன், யாரும் குளக்கரைக்குப் போகும் முன், தூரத்து நிலையான இடத்திலிருந்து. வலை வீசிய பிறகு பறவை எண்ணினால் நீங்கள் விரட்டிவிட்ட மிச்சத்தைத்தான் எண்ணுகிறீர்கள்.

இரண்டாவது தண்ணீர் அளவீடு: வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன், பி.எச்., மின்கடத்துதிறன். வலை சேற்றைக் கிளப்பிவிட்டால் ஆக்சிஜன் அளவே மாறிவிடும், ஆகவே வலைக்கு முன். கரைந்த ஆக்சிஜன் விடியலில் மிகக் குறைவாகவும் பிற்பகலில் உச்சத்திலும் இருக்கும். ஒரு நாள் ஆறு மணிக்கும் இன்னொரு நாள் பதினொன்றுக்கும் அளந்தால் இரண்டும் இரண்டு குளம் போலத் தெரியும்.

மூன்றாவது, முந்தைய மாலை தண்ணீரில் வைத்த மீன் பிடிக்கும் கூடு. நான்காவது வீச்சு வலை. கடைசியாகச் செத்த உயிர்களைத் தேடும் நடையும் விலங்குகளைத் தானாகப் படமெடுக்கும் கேமராவின் அட்டையை எடுப்பதும்.

## 7. வலை: ஒரே ஆள், ஒரே கண்ணி, ஒரே எண்ணிக்கை வீச்சு

வீச்சு வலையில் எவ்வளவு விழும் என்பது வீசுகிறவர் கையைப் பொறுத்தது. பழகியவர் வீசினால் வட்டமாக விரியும், புதியவர் வீசினால் வாழைப்பழம் மாதிரி விழும். எனவே முடிந்தவரை ஒரே ஆள், கண்ணி அளவும் சுற்றளவும் மாறாத ஒரே வலை, ஒவ்வோர் இடத்திலும் இருபது வீச்சு. ‘மொத்தம் இத்தனை மீன்’ என்று எழுதாமல் ‘இருபது வீச்சுக்கு இத்தனை’ என்று இனவாரியாக எழுதுங்கள். ஒன்றும் விழாத வீச்சையும் சுழியம் என்று எழுதுங்கள். விட்டுவிட்டால் சராசரி பொய்யாக உயரும்.

புல் அடியில் பதுங்கும் விராலும் சேற்றில் கிடக்கும் ஆரலும் வீச்சு வலைக்குச் சிக்குவது அரிது. அதற்குத்தான் கூடு. கூட்டின் மேல்பகுதி தண்ணீருக்கு வெளியே கொஞ்சம் தெரியும்படி வையுங்கள். உள்ளே மாட்டும் ஆமையும் பாம்பும் மூச்சு விட வேண்டும். தங்கூஸ் (நைலான் நூல்) வலையை இரவில் கட்டி விட்டு வராதீர்கள். ஆமையோ நீர்நாயோ சிக்கினால் விடிவதற்குள் செத்திருக்கும்.

பிடித்த மீனை நிழலில் வைத்த வாளித் தண்ணீரில் போட்டு, ஈரக்கையால் எடுத்து, வாய் நுனியிலிருந்து வால் பிளவு வரை அளந்து, உடனே விடுங்கள். காய்ந்த கை பட்டால் மேலே உள்ள வழுவழுப்பு உரிந்து பூஞ்சை பிடிக்கும்.

எண்ணிக்கையைவிட எந்த மீன்கள் இருக்கின்றன என்பதை நான் பெரிதாக மதிப்பேன். விரால், குறவை, தேளி, பனையேறிக் கெண்டை எல்லாம் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைப்பவை. ஜிலேபியும் லேசில் சாகாது. வடிகாலில் மொத்த மீன் எண்ணிக்கை சரியாமல் இருந்தும், சின்னக் கெண்டைகளும் அயிரையும் மறைந்து இவை மட்டும் மிஞ்சினால் தண்ணீர் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். மொத்தத்தை மட்டும் வரைபடமாகப் போட்டால் இது கண்ணில் படாது. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி ஒன்று விழுந்தாலும் தனியே எழுதி, நீளம் அளந்து, படம் எடுங்கள்.

சிலர் கழிவுநீரில் செய்யும் மீன் சோதனையைக் காட்டி இதெல்லாம் எதற்கு என்பார்கள். நூறு சதவீதக் கழிவுநீரில் 96 மணி நேரம் கழித்து 90 சதவீத மீன் உயிரோடு இருக்க வேண்டும் என்பது விதி. அது ஆய்வகத் தொட்டியில் நான்கு நாள் பிழைக்கிறதா என்ற கேள்வி. வடிகாலில் அது முட்டையிடுகிறதா என்பதற்கு அதில் பதில் கிடையாது.

## 8. குளத்தில் மொத்தம் எவ்வளவு? குறியிட்டு மறுபிடிப்பு

மூடிய குளத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். மீன் வரவோ போகவோ வழி இருந்தால் கணக்கே தப்பு. மேட்டூர் மூடி, மதகு அடைத்த பிப்ரவரி இதற்குத் தோதான காலம். தண்ணீரும் இருக்கும், வெயிலும் இன்னும் ஏறியிருக்காது.

முதல் பிடிப்பில் ஒரே இன மீன்களுக்கு வயிற்றுத் துடுப்பின் நுனியைக் கத்தரித்து விடுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி பிடியுங்கள். குறியிட்ட எண்ணிக்கையோடு ஒன்றும், இரண்டாம் பிடிப்போடு ஒன்றும் கூட்டிப் பெருக்கி, குறியோடு திரும்பக் கிடைத்ததோடு ஒன்று கூட்டி வகுத்து, வந்ததில் ஒன்றைக் கழிக்க வேண்டும். உதாரணமாக 59 மீனுக்குக் குறியிட்டு, அடுத்து 49 பிடித்து, அதில் 11 குறியோடு இருந்தால் 60 பெருக்கல் 50, வகுத்தல் 12, கழித்தல் 1. அதாவது சுமார் 249. திரும்பக் கிடைத்தது ஐந்தோ ஆறோதான் என்றால் எண்ணை அறிக்கையில் போடாதீர்கள். ஒரு மீன் கூடக் குறைய மாட்டியிருந்தால் மதிப்பீடு எங்கோ தாவிவிடும்.

## 9. பறவைகள்

நிலையான இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம், ஒருவர் பார்க்க ஒருவர் எழுத. பெருங்கூட்டத்தைப் பத்துப் பத்தாகத் துண்டு போட்டு எண்ணுங்கள். கூட்டம் இடம் மாறினால் எந்தத் திசைக்குப் போனது என்று எழுதுங்கள், அடுத்த இடத்தில் இரண்டாம் முறை எண்ணாமலிருக்க.

நத்தைகுத்தி நாரையும் கொக்கும் அரிவாள் மூக்கனும் பகலில் வயலில் மேய்ந்து, மாலையில் ஆலையின் மரங்களுக்கு அடைய வரும். ஆகவே காலைக் கணக்கு தவிர, மாதம் ஒருமுறை மாலை ஐந்தரை முதல் இருட்டும் வரை மரத்தருகே நின்று அடைய வருபவற்றையும் எண்ணுங்கள். இரவில் இரை தேடும் வக்கா என்ற கொக்கு அந்த நேரத்தில்தான் வெளியே கிளம்பும். உள்ளே வருவதையும் வெளியே போவதையும் தனித்தனிப் பத்தியில் போடுங்கள்.

ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும் நாட்களிலேயே உங்கள் ஒரு சுற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். 1987 முதல் நடக்கும் கணக்கு அது. வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கோடியக்கரைச் சரணாலயங்கள் பக்கம் அந்த வருடம் நிலை என்ன என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க உதவும்.

## 10. நரி, கீரி, நீர்நாய், பாம்பு

சுற்றுச்சுவருக்கு அடியில் போகும் வடிகால் துளைகள்தான் விலங்குகளின் வாசல். கேமராவை அங்கே, முழங்கால் உயரத்துக்குச் சற்றுக் கீழே, வடக்கு அல்லது தெற்கு பார்த்து வையுங்கள். கிழக்கு மேற்காக வைத்தால் வெயில் நேரே விழுந்து வெறும் வெள்ளைப் படம் வரும். எதிரே உள்ள கோரையை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் காற்றில் ஆடும் புல்லே அட்டை முழுவதையும் நிரப்பும்.

நாற்பது நரிப் படம் வந்தால் நாற்பது நரி இல்லை. ஒரே நரி தினம் போய் வந்திருக்கலாம். நூறு கேமரா-இரவுக்கு (ஒரு கேமரா ஓர் இரவு இருந்தால் ஒரு கேமரா-இரவு) எத்தனை படம் என்று மட்டும் எழுதுங்கள். நாய்ப் படங்களை அழிக்காதீர்கள். கேன்டீன் மிச்சத்தால் பெருகும் தெருநாய்தான் பல வளாகங்களில் கீரிக்கும் ஆள்காட்டிக் குஞ்சுக்கும் முதல் எதிரி, அது எந்தச் சுற்றுச்சூழல் அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை.

நீர்நாயைப் பார்ப்பது கடினம், அதன் எச்சத்தைப் பார்ப்பது சுலபம். மதகுக் கட்டையின் மேல் மீன் செதிலும் நண்டு ஓடும் கலந்து, கவிச்சியடிக்கும் குவியல். அதைப் படமெடுத்து இடம் குறித்தால் போதும்.

பாம்பைத் தேடிப் போகவே வேண்டாம். கேபிள் குழியிலோ பம்பு அறையிலோ பாம்பு என்று வரும் அழைப்புகளைத் தீயணைப்புப் பிரிவோ காவலர்களோ ஏதாவது ஒரு நோட்டில் எழுதிக்கொண்டுதான் இருப்பார்கள். அதில் இனம், இடம், நேரம் என மூன்று பத்திகள் சேர்க்கச் சொல்லுங்கள். பல வருடத் தகவல் அதில் சும்மா கிடக்கும்.

## 11. செத்தவற்றின் கணக்கு

மின்கம்பிகளுக்குக் கீழே, உள்சாலைகளில், தார்ப்பாய்க் குளங்களின் ஓரத்தில், எண்ணெய்ப் பிரிப்புத் தொட்டிகளைச் சுற்றி வாரம் ஒரு நடை. மயிலும் பழந்தின்னி வௌவாலும் கம்பியில் அடிபடுபவை. ஆனால் பிணம் காத்திருக்காது. நாயும் காக்கையும் நரியும் தூக்கிப் போய்விடும். செத்த கோழிகள் சிலவற்றை வெவ்வேறு இடங்களில் போட்டு எத்தனை நாள் கிடக்கின்றன என்று முதலில் சோதியுங்கள். இரண்டே நாளில் மறைகின்றன என்றால் வாராந்திர நடையில் கிடைப்பது உண்மையில் ஒரு பகுதிதான். முதல் அட்டவணை உயிரினம் செத்துக் கிடந்தால் தொடாமல் படமெடுத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மீன் செத்து மிதந்தால் நேரமும் இனமும் முதல் தடயம். விடியலில் வாய் பிளந்து மேலே வந்து, கெண்டைகள் மட்டும் செத்து, விரால் பிழைத்திருந்தால் ஆக்சிஜன் பற்றாக்குறையைச் சந்தேகியுங்கள். பகலில், காற்றைக் குடிக்கும் மீன்களும் சேர்ந்தே செத்திருந்தால் விஷத்தைத் தேடுங்கள். முதல் கனமழைக்குப் பின் வயல்களிலிருந்து கறுப்புத் தண்ணீர் வடியும் நாட்களில் ஆலைக்குச் சம்பந்தமில்லாமலும் மீன் சாகும். அன்று வெளி வாய்க்காலிலும் மாதிரி எடுத்து வைத்திருந்தால்தான் யார் மேல் பழி என்ற சண்டைக்குப் பதில் இருக்கும். தண்ணீர் மாதிரியை உடனே எடுங்கள். மீனை எண்ணுவது பிறகு. தண்ணீர் ஓடிவிடும், மீன் அங்கேயே கிடக்கும்.

## 12. பதிவும் அறிக்கையும்

களத்தாளில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை மழையில் கரையும். ஒவ்வொரு தாளிலும் தேதி, நேரம், ஆட்கள், வானிலை, நீர்மட்டம், மதகு நிலை, பக்கத்து வயலில் நாற்றா, நடவா, அறுவடையா என்பது இருக்க வேண்டும். மீன் பெயரை ஊருக்கு ஊர் மாற்றிச் சொல்வார்கள், எனவே இனத்துக்கு ஒரு படமாவது கோப்பில் வையுங்கள்.

சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற ஆலைகள் அரையாண்டு இணக்க அறிக்கை (அனுமதி நிபந்தனைகளைப் பின்பற்றுவதைக் காட்டும் அறிக்கை) தர வேண்டிய நாட்கள் ஜூன் 1, டிசம்பர் 1. ஒன்று புதுத்தண்ணீருக்குச் சற்று முன், மற்றது மழைக்காலத்தின் நடுவில். இரண்டு அறிக்கைகளையும் அடுத்தடுத்து வைத்து ‘ஆறு மாதத்தில் மாற்றம்’ என்று அட்டவணை போடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, சென்ற வருடம் இதே தண்ணீர் கட்டத்தின் எண்ணையும் வெளி இடத்தின் எண்ணையும் போடுங்கள். கஜா புயல் கரை கடந்த 2018 நவம்பர் போன்ற காலங்களைத் தனியே குறித்து, சராசரியிலிருந்து விலக்கி வையுங்கள்.

ஒப்பந்தம் கைமாறும்போது களத்தாள்கள்தான் முதலில் காணாமல் போகும். புதிதாக வருகிறவருக்கு முடிந்த அறிக்கையின் எண்கள் மட்டுமே மிஞ்சும், எத்தனை வீச்சு, எந்தக் கண்ணி என்பது தெரியாது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் தாள்களை ஸ்கேன் செய்து, வலையின் கண்ணி அளவு, நின்ற இடங்களின் ஜி.பி.எஸ்., வலை வீசியவர் பெயர் ஆகியவற்றோடு ஆலையின் சுற்றுச்சூழல் பிரிவில் ஒரு படியும் உங்களிடம் ஒரு படியும் வைத்துக்கொள்ளுங்கள்.